நெல் அளந்த மேடை: காவிரிப் படுகையில் நிகழ்கலை அறிவிப்பின் வரலாறு

இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் ஆடுவார், இன்னார் பாடுவார் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது, இன்று கலை மன்றங்களும் பண்பாட்டு மையங்களும் மாதந்தோறும் செய்து முடிக்கும் சிறு அலுவலாகத் தோன்றினாலும், தஞ்சாவூரைச் சூழ்ந்த நெல் வயல் நாட்டில் அந்த அலுவலுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு எனப் பல கைகளாகப் பிரிந்து கடலை நோக்கிச் செல்லும் இந்தப் படுகையில், ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நாள் குறித்தவை கோயில் நட்சத்திரமும் வயலின் ஓய்வுமே ஆகும். கூலி அளந்தது மரக்கால் நெல். அறிவிப்பைத் தாங்கியது முதலில் கல், பின்னர் பறை, அதன்பின் காகிதம். கலை நிகழ்ச்சிக்கென்று தனிக் கட்டடமும், அதற்குள் நுழையச் சீட்டும் என்ற ஏற்பாடு இங்கே மிகப் பிந்தி வந்தது. அது வந்தபோது பழைய முறையிலிருந்து எதை அழித்தது, எதை ஏற்றுக்கொண்டது என்பதை அறிவதற்குக் கல்வெட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏறத்தாழ 1014-ஆம் ஆண்டின், நீண்ட கல்வெட்டு ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் உள்ளது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்கு வரவழைக்கப்பட்ட 400 ஆடல் மகளிரை, கல்வெட்டின் சொல்லில் ‘தளிச்சேரிப் பெண்டுகளை’, அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தளி என்பது கோயில். அதன் ஊழியர் குடியிருக்கும் தெருக்கள் தளிச்சேரி. எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அங்கே குடியேறிய பெண் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பன எல்லாம் ஒரு நகராட்சிப் பதிவேட்டின் ஒழுங்கோடு குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருவாயான ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதை அளப்பதற்குரிய மரக்காலின் பெயர் ‘ஆடவல்லான்’. ஆடும் இறைவனின் பெயரைத் தாங்கிய மரக்காலால் ஆடும் பெண்ணுக்கு நெல் அளக்கப்பட்டது என்ற இந்தச் செய்தி, கலைக்கும் வயலுக்கும் இடையே அக்காலம் கண்ட உறவை வேறு எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. நட்டுவம் செய்வோர், பாடுவோர், கருவி இசைப்போர் ஆகியோருக்கும் இவ்வாறே பங்குகள் வகுக்கப்பட்டன. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவரை அடுத்த உறவினர் அந்தப் பணியையும் பங்கையும் ஏற்கவேண்டும் என்றும், அந்த உறவினருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரை அவரே தேர்ந்து அமர்த்தவேண்டும் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. பரம்பரை உரிமைக்கு இடம் கொடுத்தபோதும் திறமையை அது விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு நிகழ்ச்சியின் பெயர், நாள், இடம், கலைஞர், ஊதியம் ஆகிய ஐந்தையும் ஒருங்கே சொல்லும் கல்வெட்டு, இராசராசனின் பேரனான இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், அவனது 6-ஆம் ஆட்சியாண்டில், அதே கோயிலில் பொறிக்கப்பட்டது. பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அந்த ஆணையின்படி, விசயராசேந்திர ஆசாரியன் என்ற சிறப்புப் பெயர் பெற்ற சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவன், வைகாசிப் பெருவிழாவில் ‘இராசராசேசுவர நாடகம்’ ஆடவேண்டும்; அதற்காக அவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்கவேண்டும். சாந்திக்கூத்து என்பது அமைதிச் சுவையும் ஒழுங்கும் கொண்டதாகக் கருதப்பட்ட கூத்து வகை. அதில் வல்லவனே சாந்திக்கூத்தன். அந்த நாடகத்தின் ஒரு வரிகூட இன்று கிடைக்கவில்லை. அது இராசராசனின் வரலாற்றைச் சொன்னதா, கோயில் எழுந்த கதையைச் சொன்னதா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நாடகம் அழிந்து அதன் சம்பளக் கணக்கு மட்டும் எஞ்சிய இந்த நிலை வருந்தத்தக்கதே எனினும், ஒரு நாடகத்தை ஆண்டுதோறும் ஒரே திருவிழாவில் நடத்தியாகவேண்டும் என்று ஓர் அரசு கல்லில் எழுதிவைத்தது என்ற உண்மையின் எடை குறைவதில்லை.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள காமரசவல்லிக் கோயிலில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சாக்கைக் கூத்துக்கு நிலம் அளித்ததைக் கூறுகிறது. சாக்கைக் கூத்து என்பது சாக்கையர் என்னும் மரபினர் ஆடிய கூத்து. கேரளத்தில் இன்றும் நிலைத்துள்ள சாக்கியார் கூத்தை அதன் உறவினராகக் கொள்வர். மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் அந்தக் கூத்து ஆடப்படவேண்டும் என்பது ஏற்பாடு. இத்தகைய கொடை நிலம் ‘காணி’ எனப்பட்டது. கூத்தாடுவோர் பெற்றது கூத்துக்காணி. காணி என்ற சொல் நிலத்தை மட்டும் குறிக்கவில்லை, தலைமுறை தலைமுறையாக அதை அனுபவிக்கும் உரிமையையும் அந்த உரிமைக்கு ஈடாகச் செய்யவேண்டிய கடமையையும் சேர்த்தே குறித்தது. ஆகவே சோழர் காலத்தின் நிகழ்ச்சி அறிவிப்பை மக்களை வரச் சொல்லும் அழைப்பாகப் பார்ப்பதைவிட, ஆடுவோரையும் கோயிலையும் ஊர்ச் சபையையும் ஒருசேரக் கட்டிவைத்த ஒப்பந்தமாகப் பார்ப்பதே பொருந்தும். அந்த நாளில் கூத்து நடக்கவில்லையென்றால் நெல்லுக்குக் கணக்குச் சொல்லியாகவேண்டும்.

மேற்கண்ட இரு கல்வெட்டுகளிலும் வைகாசி இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. படுகையின் பெரும்போகமான சம்பா, ஆவணியை ஒட்டி நடப்பட்டுத் தை மாதத்தில் அறுவடையாகும். குறுகிய காலப் பயிரான குறுவைக்குப் பின் நடப்படும் தாளடி மாசிவரை நிற்கும். மாசிக்குப் பிறகு ஆற்றில் நீர் வற்றி, வயல் வெடித்துக் கிடக்க, களத்தில் அடித்த நெல் குதிரிலும் கோட்டையிலும் சேர்ந்திருக்கும். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்ட பின்னர் ஜூன் 12-ஆம் நாள் நீர் திறப்பது வழக்கமாயிற்று. அதற்கு முன்னரும் மேற்கே மழை பெய்து புதுப்புனல் வரும்வரை உழவுக்கு வழியில்லை. பங்குனி உத்திரத்தில் தொடங்கிச் சித்திரை, வைகாசி என நீளும் இந்த இடைவெளியில்தான் படுகையின் தேரோட்டங்களும் அம்மன் திருவிழாக்களும் இரவு முழுவதும் நீளும் கூத்துகளும் நெருங்கி அமைந்துள்ளன. நெல் கையில் இருக்கும்போது, வேலை இல்லாதபோது, மழைக்கு அஞ்சாமல் திறந்த வெளியில் உட்காரக்கூடிய இரவுகளில் கலை நிகழ்ந்தது. மார்கழித் திருவாதிரை போன்ற நாட்கள் இதற்கு விலக்காக நிற்கின்றன. அவற்றை நட்சத்திரம் மட்டுமே ஆண்டது. ஆனால் விடிய விடிய ஊரே கண் விழிக்கும் நிகழ்ச்சிகளின் நாட்காட்டியை எழுதியது உழவே என்பதில் ஐயமில்லை.

நாயக்கர் ஆட்சியில் (1532–1673) தெலுங்கு அரசவை மொழியாயிற்று. இரகுநாத நாயக்கரும் அவர் மகன் விசயராகவ நாயக்கரும் தாமே நூல் இயற்றும் புலவர்களாக இருந்தமையால், யட்சகானம் என்னும் இசை நாடக வகை அரண்மனையில் செழித்தது. அவை நாடகத்தைக் கண்டவர்கள் அவையினரே. ஊரார் கண்ட நாடகம் வேறு. அச்சுதப்ப நாயக்கர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் வழங்கிக் குடியேற்றிய ஊராக மரபு குறிப்பிடும் மெலட்டூரில் வளர்ந்த பாகவத மேளா, அந்த இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்று. இசைமேதை தியாகராசருக்கு மூத்த சமகாலத்தவரான மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி இயற்றிய ‘பிரகலாத சரித்திரம்’ முதலான தெலுங்கு நாடகங்கள், வைகாசியை ஒட்டிவரும் நரசிம்ம செயந்தியில் வரதராசப் பெருமாள் கோயில் முன்னே உள்ள தெருவில் ஆடப்பட்டன. பெண் வேடம் உட்பட எல்லா வேடமும் ஆண்களே ஏற்பர். கோணங்கி என்னும் கோமாளி முதலில் வந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க, பிள்ளையார் வேடம் அடுத்து வரும். பூசை செய்து பாதுகாக்கப்படும் நரசிம்ம முகமூடியை அணிபவர் அன்று நோன்பிருப்பார். விடியலில் தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படுவார். மேடை சாமியை நோக்கியே அமைந்தது. சாமிக்கு நடத்தப்பட்ட நாடகத்தை ஊரார் இருபுறமும் அமர்ந்து பார்த்தனர். சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இம்மரபு இருந்தது. இதே பிரகலாதன் கதையைத் தமிழில் ஆடும் இரணிய நாடகம், ஒரத்தநாட்டுப் பகுதியின் ஆர்சுத்திப்பட்டு போன்ற உழவர் ஊர்களில் வேறொரு சமூகத்தின் உடைமையாக வளர்ந்தது. ஒரே கதை, சில கல் தொலைவுக்குள், இரு மொழியில், இரு சாதியினர் மேடையில் நடந்தது என்பதை இந்நாட்டின் கலை வரலாற்றை எழுதுவோர் மறக்கலாகாது. மெலட்டூரைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆர்சுத்திப்பட்டைப் பற்றி எழுதப்படவில்லை.

மராட்டியர் ஆட்சியில் அரசு, கோயில், வீதி ஆகிய மூன்றும் மேலும் நெருங்கின. இரண்டாம் சரபோசியின் (1798–1832) மீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ பெரிய கோயில் திருவிழாவில் நடனமாக ஆடப்பட்டது. குறவஞ்சி என்பது, தலைவனைக் கண்டு காதல் கொண்ட தலைவிக்குக் குறத்தி வந்து குறி சொல்வதைக் கதையாகக் கொண்ட நாடக இலக்கியம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர் அலாரிப்பு முதல் தில்லானாவரை, பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிர்க் கச்சேரிக்கு ஒரு வரிசை வகுத்ததும் அக்காலமே. இன்று உலகெங்கும் பரதநாட்டிய அழைப்பிதழ்களில் அச்சாகும் நிகழ்ச்சி நிரல் அந்த வரிசையின் வழிவந்ததாகும். அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதிக் கட்டுகளாக வைக்கப்பட்டன. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989-இல் வெளியிட்டது. இசைவாணர்க்கும் ஆடல் மகளிர்க்கும் கொடுத்த பொருளின் கணக்கை அவற்றில் காணலாம்.

1855-இல் கடைசி மன்னர் இரண்டாம் சிவாசி ஆண் வாரிசின்றி இறக்க, ஆங்கிலக் கும்பெனி அரசுரிமையை முடித்துவைத்தது. அரண்மனையை நம்பியிருந்த கலைஞர் பலர் சென்னைக்கும் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் போயினர். ஆனால் ஊர்க் கோயில்களின் திருவிழா நிற்கவில்லை; அரசு விட்ட இடத்தை மிராசுதார்களும் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களும் வணிகர்களும் தொழிற்சாதிக் குழுக்களும் ‘மண்டகப்படி’ என்ற முறையால் நிரப்பினர். மண்டகப்படி என்பது திருவிழாவின் ஒரு நாளை ஒரு குடும்பமோ குழுவோ தன் செலவில் நடத்தும் உரிமை. கொடியேற்றத்துக்கு முன் அச்சடித்து வழங்கப்படும் மஞ்சள் நிறத் திருவிழாப் பத்திரிகையில் நாள், திதி, நட்சத்திரம், அன்றைய வாகனம், மண்டகப்படிதாரர், நாகசுரம், தவில், இரவு நிகழ்ச்சி என்று வரிசையாக இருக்கும். சோழர் கல்வெட்டின் ஐந்து செய்திகளில் நான்கு அதில் அப்படியே உள்ளன. ஊதியம் மட்டும் விடுபட்டு, அந்த இடத்தில் கொடுப்பவரின் பெயர் ஏறியது. அரசனின் கடமை ஊராரின் பெருமையாக மாறிய வரலாறு இந்த ஒரு காகிதத்தில் அடங்கும். திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) போன்ற நாகசுரக் கலைஞர்கள் இரவெல்லாம் வீதி உலாவில் ஒரே இராகத்தை விரித்து வாசித்ததைக் கேட்ட கூட்டம், இந்த மஞ்சள் பத்திரிகையைப் பார்த்துப் பல ஊர்களிலிருந்து நடந்தும் வண்டி கட்டியும் வந்த கூட்டமே.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1861–62-இல் இரயில் ஓடத் தொடங்கியதும், அச்சகங்கள் பெருகியதும், நாடகத்தைக் கோயில் வாசலிலிருந்து பிரித்தெடுத்தன. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி ஊர் ஊராகச் சென்று நடித்தது. சென்னையில் அதன் நாடகங்களைக் கண்டவர்களுள் பம்மல் சம்பந்த முதலியாரும் ஒருவர். அவர் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையே, படித்தோர் பொழுதுபோக்காக நடிக்கும் சபைகளுக்கு முன்மாதிரியானது. தஞ்சாவூரில் சுதர்சன சபாவும் கும்பகோணத்தில் வாணி விலாச சபாவும் அந்த வழியில் எழுந்தன. இவர்கள் அனைவரையும்விடப் படுகையின் நாடக வரலாற்றில் தனித்து நிற்பவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். தேவதாசி மரபில் வந்த அவர், பெண்களை மட்டுமே நடிகராகக் கொண்ட கம்பெனியை நடத்தினார்; அவருடைய நாடகத்தைப் பார்ப்பதற்காகத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் இரவில் தனி இரயில் விடப்பட்டதாக நாடக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மெலட்டூரில் ஆண்கள் பெண் வேடம் புனைந்த அதே காலத்தில், கும்பகோணத்தில் பெண்கள் ஆண் வேடம் புனைந்தனர். ஆதரவற்ற பெண்களுக்குத் தம் கம்பெனியில் தொழிலும் உணவும் தந்தவர் என்று நினைவுகூரப்படும் அவருக்கு, கும்பகோணத்தில் அவர் பெருமைக்கு ஏற்ற நினைவுச் சின்னம் எழுந்திருக்கவேண்டும்.

இந்தக் கம்பெனிகள் நடித்த இடம் ‘கொட்டகை’ எனப்பட்டது. மாட்டுக்குக் கட்டும் கீற்றுக் கூரைக்கு வழங்கிய பெயர் நாடகத்துக்கும், பின்னர் சினிமாவுக்கும் ஆகிவந்தது, இப்படுகையின் தென்னங்கீற்றும் மூங்கிலும் கலைக்குத் தந்த வீட்டின் எளிமையைக் காட்டுகிறது. கொட்டகையோடு சீட்டும், சீட்டோடு ‘நோட்டீஸ்’ என்ற துண்டுக் காகிதமும் வந்தன. அறுவடைக்குப் பின் உழவர் கையில் காசு புழங்கும் மாதங்களையே கம்பெனிகளும் தேர்ந்தன. ஆக, கோயிலை விட்டு விலகிய நாடகம் வயலை விட்டு விலகவில்லை.

கோயில் விழாவுக்கும் கொட்டகைக்கும் இடைப்பட்ட மூன்றாவது வகைக் கூட்டத்தை உருவாக்கியவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). சித்த மருந்து விற்றுப் பெரும் பொருள் ஈட்டிய அவர், சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி, 1912 முதல் 1916 வரை ஏழு இசை மாநாடுகளைத் தம் செலவில் தஞ்சையில் கூட்டினார். வித்துவான்கள் சுருதியைப் பற்றி வாதிடுவதற்கு நாள் குறித்து, நிரல் வகுத்து, அழைப்பு அனுப்பிய இந்த மாநாடுகள், 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டுக்கு முந்தியவை. அவர் உழைப்பின் விளைவான ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் வெளிவந்தது.

திருவையாற்றில் நடந்தது இதனினும் கடினமான போராட்டம். 1847-இல் மறைந்த தியாகராசரின் சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தபோது, அவருடைய சீடர் மரபினர் எளிய முறையில் ஆராதனையைத் தொடங்கினர். அது ‘பெரிய கட்சி’, ‘சின்ன கட்சி’ எனப் பிளந்து, இரு கட்சியும் பெண்களைப் பாடவிடாமல் விலக்கின. இசைக் கலைஞரான பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தம் நகையையும் பொருளையும் விற்று நிலம் வாங்கி, 1921-இல் தொடங்கி 1925-க்குள் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அந்தக் கோயிலில் பாடவும் தடை எழுந்தமையால் சமாதியின் பின்புறம் பெண் கலைஞர்களைக் கொண்டு தனி ஆராதனை நடத்தினார். அதுவே ‘பெண்கள் கட்சி’ எனப்பட்டது. 1940-இல் கட்சிகள் இணைந்து தியாகப்பிரம்ம மகோற்சவ சபா உருவான பின்பே ஒரே பந்தலில் ஆணும் பெண்ணும் பாடும் நிலை வந்தது. இன்று வானொலியும் தொலைக்காட்சியும் நேரலையாக ஒலிபரப்பும் அந்த ஐந்து நாள் நிகழ்ச்சி நிரலில் பெண்களின் பெயர் இடம்பெறுவதற்கு ஒரு பெண் தன் வாழ்நாள் சேமிப்பை முழுவதும் கொடுத்திருக்கிறார்.

விலக்கப்பட்டவர்கள் பெண்கள் மட்டுமல்லர். திருவிழா வருகிறது, கூத்து நடக்கிறது என்று ஊர் எல்லைவரை பறை அறைந்து சொன்னவர்கள், தாம் அறிவித்த நிகழ்ச்சி நடக்கும் கோயிலுக்குள்ளும் அக்கிரகாரத் தெருவுக்குள்ளும் நுழைய முடியாதவர்களாகவே நூற்றாண்டுகளாக வைக்கப்பட்டனர். 1939-இன் கோயில் நுழைவுச் சட்டம் அறங்காவலர் விரும்பினால் கதவைத் திறக்க வழிசெய்தது. 1947-இன் சட்டம் அதை உரிமையாக்கியது. ஆயிரம் ஆண்டு அறிவிப்பு மரபைப் போற்றும் எந்த நூலும் இந்தக் கொடுமையை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடக்கூடாது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் சினிமாக் கொட்டகையின் வருகை எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். படுகையின் மேல் எல்லையான திருச்சிராப்பள்ளியில் இரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் தூப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பேசும் படம் 1931-இல் வந்த பிறகு, அந்தக் கூடாரத்தின் வழிவந்த டூரிங் டாக்கீஸ்கள் படுகையின் சிற்றூர்களுக்குள் நுழைந்தன. நிலையான கட்டடம் கட்டாமல், தற்காலிக உரிமம் பெற்று, காலம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போகவேண்டிய கொட்டகை அது. உள்ளே மணல் பரப்பிய தரை, அதன் பின்னே பெஞ்சு, அதற்கும் பின்னே நாற்காலி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தட்டி அல்லது குட்டைச் சுவர். ஒரே படக் கருவி என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. இருபுறமும் விளம்பரத் தட்டி கட்டிய மாட்டு வண்டி பகலில் மேளத்தோடு தெருத் தெருவாகச் செல்ல, அதிலிருந்து வீசப்படும் பிட் நோட்டீசைப் பொறுக்கச் சிறுவர்கள் பின்னால் ஓடுவர். மாலையில் கொட்டகையின் கூம்பு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழுந்தால் சீட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சுற்று வட்டாரத்து வயல்களுக்கெல்லாம் தெரியும். தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலை அரங்கு சினிமாக் கொட்டகையே என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரைச் சீட்டு வாங்கியவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று சீட்டுக் கொடுப்பவர் கேட்கவில்லை. படுகைக்கு இந்தக் கருத்து வேறெங்கையும்விடப் பொருந்தும்.

திரையில் ஓடியதும் பெரும்பாலும் படுகையின் சொத்தே. மாயவரத்தில் 1910-இல் பிறந்த எம். கே. தியாகராச பாகவதரை 1934-இல் ‘பவளக்கொடி’ வழியாகத் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் கே. சுப்பிரமணியம் பாபநாசத்துக்காரர், அக்காலப் படப் பாடல்கள் பலவற்றை எழுதி இசையமைத்த பாபநாசம் சிவன் போலகத்தில் பிறந்தவர். கம்பெனி நாடகமும் கோயில் இசையும் சேர்ந்தே தொடக்ககாலத் தமிழ்ப் படமாயின. இதற்கிடையே, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் பல்லாண்டு போராடியதன் பயனாக 1947-இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெண்களை அடிமைப்படுத்திய ஒரு முறை ஒழிந்தது நீதியே. அதோடு கோயிலில் நிகழ்ந்த ஆட்டமும் முடிந்தது. நாகசுரக் கலைஞனும் ஆடல் மகளும் கோயில் திருவிழாவில் போட்டியிடும் கதையைக் கொண்ட ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் திரைக்கு வந்தபோது, தங்கள் கோயில் வாசலில் ஒரு தலைமுறைக்கு முன் நடந்து நின்றுபோனதைப் படுகை மக்கள் கொட்டகை மணலில் அமர்ந்து கண்டனர்.

டூரிங் டாக்கீசுக்கும் அதே விதி வந்தது. 1980-களில் வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் திருவிழாப் பந்தலில் விடிய விடிய மூன்று படங்களை ஓட்டின. திருவிழாப் பத்திரிகையில் ‘நாடகம்’ என்று இருந்த வரியில் ‘திரைப்படம்’ என்றும், பின்னர் ‘இன்னிசைக் கச்சேரி’ என்றும் அச்சாயிற்று. கீற்றுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக நெல் மண்டியாகவும் திருமண மண்டபமாகவும் மாறின.

1986-இல் தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடுவண் அரசு நிறுவிய தென்னகப் பண்பாட்டு மையம், தென் மாநிலங்களின் நாட்டுப்புற ஆட்டங்களையும் செவ்வியல் கலைகளையும் ஒரே வளாகத்தில் மேடையேற்றுகிறது. மகா சிவராத்திரியை ஒட்டிப் பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி நடைபெறுகிறது. கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010 செப்டம்பரில் பத்மா சுப்ரமணியத்தின் தலைமையில் ஆயிரம் நடனக் கலைஞர்கள் அங்கே ஆடினர். மெலட்டூரில் நரசிம்ம செயந்தி இரவுகளில் பாகவத மேளா இன்றும் நடக்கிறது. இவற்றின் அறிவிப்புகள் இப்போது கைப்பேசித் திரையில் வந்து, நிகழ்ச்சி முடிந்த மறுநாளே அழிந்துபோகின்றன.

படுகையின் கலை வரலாற்றில் மிகுதியாக இழந்தது காகிதத்தையே. பதினோராம் நூற்றாண்டுச் சாந்திக்கூத்தனின் பெயரும் ஊதியமும் கல்லில் இருக்கின்றன. பாலாமணி அம்மாள் எந்த இரவில் எந்த நாடகத்தை எத்தனை காசுச் சீட்டுக்கு நடித்தார் என்பதைச் சொல்லும் நோட்டீசுகள் அநேகமாக எங்கும் இல்லை. டூரிங் டாக்கீஸ் பிட் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நாடக சபா அழைப்பிதழ், மண்டகப்படி விவரம் அச்சிட்ட திருவிழாப் பத்திரிகை ஆகியவை தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பகுதி வீடுகளின் பரணிலும் பழைய அச்சகங்களின் கோப்பிலும் இன்னும் சில கட்டாவது எஞ்சியிருக்கக்கூடும். அவற்றைப் பழைய தாள் வாங்குபவரிடம் போடுவதற்கு முன், தஞ்சாவூர்ச் சரசுவதி மகால் நூலகத்துக்கோ தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ காட்டுமாறு அவ்வீடுகளில் இருப்போரை வேண்டிக்கொள்ளவேண்டும்.